அண்ணனுக்குச் சுமந்த குடம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவனுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்? நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் பாடு.

வெள்ளைக்காரன் சண்டை நடந்த சமயம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்களின் லயத்து வீட்டில் என்னோடு இருந்த அண்ணன் முத்தையா, மெசபடோமியாவில் தண்டவாளம் போட ஆள் எடுக்கிறார்கள் என்று கப்பல் ஏறினார். போன இடத்தில் ஏதோ எந்திரம் பழுது பார்க்க அவரை ஏரோப்ளேனில் கூட்டிப் போயிருக்கிறார்கள். அது பாலைவனத்தில் விழுந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை, இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று தந்தி வந்தது.

"அவரு இருக்காரு தம்பி, எனக்குத் தெரியும்" என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். சொந்தக்காரர்கள் விடுவார்களா? உடம்பு கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்தே தீர வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, அதனால் நான்தான் குடம் சுமக்க வேண்டும். நாங்கள் திரும்பி வந்ததும் அண்ணியின் தாலியை இறக்குவதாக ஏற்பாடு.

உச்சிவெயிலில் கிள்ளான் ஆற்றங்கரை. நானே ஆற்றில் மொண்ட தண்ணீர், தளும்பத் தளும்ப. தோளில் வைத்துச் சுற்றினேன். பின்னால் வந்த மாமா அரிவாள் முனையால் குடத்தில் பொத்தல் போட்டார். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே பார்த்தால் காய்ந்து கிடக்கிறது, என் தோள்கூட நனையவில்லை.

"ஏண்டா, வெறுங்குடத்தையா தூக்கிட்டு வந்த? கூறுகெட்டவனே!" என்று மாமா கத்தினார்.

வேறு குடம் எடுத்து அவர் கையாலேயே நிரப்பினார். நாலு எட்டு வைப்பதற்குள் தோளில் பாரம் குறைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ உறிஞ்சுவது போலக் குறைந்தது. பொத்தல் போட்டார், மறுபடியும் ஒன்றுமில்லை. இருந்தாலும் மனுஷன் விடவில்லை, மூன்றாவது குடத்தை நிரப்பி என் தோளில் ஏற்றினார்.

"செத்தவனுக்குத் தாகம் எடுக்குமா மாமா? அண்ணன் குடிக்கிறாரு!"

அதை நானா சொன்னேன்? என் வாயில்தான் வந்தது. குடத்தை அப்படியே ஆற்றில் கவிழ்த்துவிட்டு லயத்துக்கு ஓடினேன். "அண்ணி, தாலியில கை வைக்க விடாதீங்க!" என்று நான் கத்தியது பக்கத்து லயம் வரைக்கும் கேட்டதாம். பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கொஞ்ச நாளில் இன்னொரு தந்தி. ஒட்டகக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆள் உயிரோடு இருக்கிறார்! கோலாலம்பூர் ஸ்டேஷனில் அண்ணன் இறங்கியபோது அண்ணி சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நானே குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தேன். அப்பாடா, அந்த நிம்மதியை எப்படிச் சொல்ல!

உயிரோடு இருப்பவரிடம் அவருடைய கருமாதியைப் பற்றிப் பேசலாமா? யாரும் மூச்சு விடவில்லை. ஒரு நாள் அவராகவே சொன்னார்.

"வானத்துல மேகமே இல்லடா. திடீர்னு மூஞ்சியில தண்ணி கொட்டுச்சு, குடத்தக் கவுத்த மாதிரி. நான் குடிச்சேன். கொஞ்ச நேரங்கழிச்சு இன்னொரு தரம். அதுல ஏரோப்ளேன் ஓட்டுன வெள்ளைக்கார துவான் குடிச்சாரு. கூட ஒரு பஞ்சாபி சிப்பாய் இருந்தான், நல்ல மனுஷன். அடுத்தது உனக்குத்தான்னு அவன்கிட்ட சொன்னோம். வாயத் தொறந்துகிட்டு வானத்தையே பாத்துட்டுக் கெடந்தான். அப்புறம் தண்ணி வரவே இல்ல, அப்படியே போயிட்டான். ஏன்டா வரல?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். இன்றைக்கும் சில நாள் சாப்பிடும்போது, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதையேதான் கேட்கிறார்.