வலது கை நடந்த எட்டாயிரம் அடி

காலை ஒன்பதரைக்கு அந்தப் பெண்ணின் போன் வரும். குரல்தான் பழக்கம், முகம் தெரியாது. எனக்கு வந்திருப்பது எலும்பு மஜ்ஜையில் வருகிற ரத்தப் புற்றுநோய் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாரா வாரம் வயிற்றில் ஊசி. அதோடு கையில் ஒரு ரப்பர் பட்டையையும் கட்டி அனுப்பினார்கள். இடது கை நரம்பெல்லாம் ரத்தம் எடுக்கக் குத்திக் குத்தி வீங்கிக் கிடந்ததால் வலது கையில் கட்டினார்கள். நான் நடக்கிற அடியை அது எண்ணி என் போனுக்குச் சொல்லும். போன் அந்தப் பெண்ணுக்குச் சொல்லும். அவள் எனக்கே திருப்பிச் சொல்லுவாள். ஹெல்த் கோச்சாம். என் நடையை எனக்குச் சொல்ல ஒரு ஆள்!

"அக்கா, நேத்து நானூறு அடிதான் இருக்கு. இன்னைக்கு ஒரு நூறு கூட்டலாமா?"

"வந்து என் உடம்புல ஒரு நாள் குடியிருந்து பாரு தாயி. அப்புறம் கூட்டு."

அவள் கோபப்படவே மாட்டாள். சிரித்துக்கொண்டே காய்ச்சல் உண்டா, கால் எப்படி இருக்கு, சாப்பாடு இறங்குதா என்று வரிசையாகக் கேட்பாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இருபது வருஷம் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டைரிக்குப் பாரம் மடித்தவள் நான். அச்சடித்து வருகிற பெரிய தாளைப் பக்கம் பக்கமாக மடித்து, மூங்கில் பட்டையால் நீவிவிடுகிற வேலை. நோய் வந்த பிறகு கம்பெனி வேனில் கூட்டத்தோடு போகக் கூடாது, கிருமி தொற்றிக்கொள்ளும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அதே பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், சீசன் சூடு பிடித்ததும் தாள் கட்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்து போட்டார். கட்டிலில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் போனில் அந்தப் பெண் கத்தினாள். "அக்கா! நாலாயிரம்! சூப்பர்க்கா!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டிலுக்கும் கக்கூசுக்கும்தானே நடந்தேன்? அன்று மடிக்கும்போது பட்டையைப் பார்த்துக்கொண்டே மடித்தேன். ஒவ்வொரு நீவலுக்கும் எண் ஏறியது. கை ஆடுவதை அது கால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. "அட, கூறுகெட்ட பயலே" என்று பட்டையைத் திட்டிவிட்டுச் சிரித்தேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான் காரணம். அதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே இரண்டு பாதமும் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. தரை குளிர்கிறதா சுடுகிறதா என்று தெரியாது. ஊசி போடும் இடத்தில் பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி சொல்லியிருந்தாள்: "கால் மரத்துப்போச்சுன்னு வாயத் தொறந்துராத. மருந்து ஒத்துக்கலைன்னு ஊசிய நிப்பாட்டிருவாக. எங்க சித்திக்கு அப்படித்தான் நிப்பாட்டுனாக. ஆள் போய்ச் சேந்துட்டாக." அந்த ஊசியில்தான் என் நோய் இறங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் நான் செத்தேன் என்று நம்பினேன்.

அதனால் மடித்தேன். ஐயாயிரம், ஆறாயிரம், எட்டாயிரம். எண் ஏற ஏற அந்தப் பெண் காலைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். எட்டாயிரம் நடக்கிறவளிடம் கால் எப்படி இருக்கு என்று யார் கேட்பார்கள்? என் வீட்டுக்காரர் பிரஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "எம்புட்டு நடக்கா தெரியுமா? எனக்கே மூச்சு வாங்கும்." அவர் வேலைக்குப் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

மார்கழி பிறந்ததும் ஆர்டர் முடிந்தது. கடைசி லோடும் போய்விட்டது. மடிக்கத் தாள் இல்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே போன். குரலில் சிரிப்பே இல்லை. "அக்கா, எட்டாயிரத்துல இருந்து முந்தாநாள் முந்நூறுக்கு வந்திருக்கு. நேத்து இருநூறு. காய்ச்சலா? மூச்சு வாங்குதா? டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி."

"இல்லக்கா. அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

அதற்குள் என் வீட்டுக்காரர் பிரஸ்ஸிலிருந்து ஓடி வந்துவிட்டார். வாசலில் கார் நின்றது. "கெளம்பு, கெளம்பு" என்று அவசரப்படுத்தினார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஊசியை நினைத்ததும் விழுங்கிவிட்டேன். செருப்பை மாட்டி, கதவைப் பிடித்து, படி இறங்கி, காரை நோக்கி நடந்தேன்.

"ஏ, ஒரு செருப்ப எங்க?"

"கால்லதான இருக்கு."

அவர் என் காலையே பார்த்தார். நானும் குனிந்தேன். வலது செருப்பு படியிலேயே கிடந்தது. வெறுங்காலோடு ஏழெட்டு அடி ஜல்லியில் நடந்திருக்கிறேன். குதிகாலில் ரத்தம். எனக்குத் தெரியவே இல்லை.

"எம்புட்டு நாளா இப்படி?"

"தீவாளிக்கு முன்ன இருந்து."

"அப்ப அந்த எட்டாயிரம்?"

வலது கையைக் காட்டினேன். காற்றிலேயே ஒரு தாளை மடித்து நீவினேன். அவருக்கு விளங்கிவிட்டது. "ஊரெல்லாம் சொல்லிட்டு அலைஞ்சேனே, பாவி" என்றார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மதுரையில் டாக்டர் என் பாதத்தில் குத்தி "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கணுக்காலுக்கு மேல்தான் தெரிந்தது.

"ஊசிய நிப்பாட்டிராதீக டாக்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"யாரும்மா நிறுத்துறேன்னு சொன்னது? அளவைக் குறைப்போம், நாளைத் தள்ளிப் போடுவோம். முதல் வாரமே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இனி உணர்ச்சி திரும்ப மாசக்கணக்காகும். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

இல்லாத ஒன்றுக்குப் பயந்து என் காலை நானே விட்டுக்கொடுத்திருக்கிறேன். அடுத்தவளைச் சொல்லி என்ன, எனக்கு எங்கே போனது புத்தி?

சாயங்காலம் அந்தப் பெண் பேசினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நானும் தப்புப் பண்ணிட்டேன்க்கா. நம்பரைப் பாத்துட்டு உங்களைக் கேக்காம விட்டுட்டேன்" என்றாள். முதல் தடவையாக அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பட்டையைக் கழற்றிக் கணுக்காலில் கட்டச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் முதல் கேள்வி காலைப் பற்றித்தான் என்றும் சொன்னாள்.

தெருமுனை வரைக்கும் போய்த் திரும்ப அன்றைக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். மறுநாள் போனில் அவள் தயங்கினாள். "அக்கா, நூத்தி நாப்பத்தி ரெண்டு காட்டுது. இது..."

கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனை வாங்கிக்கொண்டார்.

"அவ நடந்ததுதான்மா. நான் கூடவே எண்ணிக்கிட்டு வந்தேன்."

அன்று பிரஸ்ஸுக்குப் போனவர், அந்த நூற்று நாற்பத்திரண்டையும் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.