முத்துமாலை குளிக்காமல் போன காலை

சிவசைலம் கூச்சத்திலேயே பிறந்து வளர்ந்தவர். விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளிகள் குடியிருந்த லைனில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஷிப்ட் முடிந்த ஆண்கள் துண்டைக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் குதிக்கும்போது, இவர் மட்டும் கூட்டம் கலையட்டும் என்று கரையில் நிற்பார். குழாயடியில் பெண்கள் நின்றால் சைக்கிளை விட்டு இறங்கி, தரையைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போவார். தங்கமான மனுஷன் என்று லைனே சொல்லும். நானும் கொஞ்ச காலம் சொன்னேன். அந்தக் கூச்சத்தையெல்லாம் சுமந்தது அவர் மனைவி முத்துமாலை என்று தெரிந்த பிறகு, அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. வீடு என்றால் ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். நடுவே பலகைத் தடுப்பு. அடுப்படியில் அவருடைய அம்மா வடிவம்மாள் படுத்திருப்பார். பகலில் "பேரன் எப்பளா வருவான்?" என்று மருமகளைக் கேட்பதும் அவர்தான், இரவில் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டே விழித்துக் கிடப்பதும் அவர்தான்.

கடைசியில் அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். முதலில் ஆணைச் சோதிக்க வேண்டும் என்று சிவசைலத்தின் கையில் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து, குளியலறையைக் காட்டினார்கள். வாசலில் பெஞ்சு நிறைய கர்ப்பிணிகள். உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, காலி பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். அதற்கு மேல் என்ன சொல்லியும் பாட்டிலைத் தொட மாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்த முறை முத்துமாலை தனியாகப் போனாள். டாக்டரம்மா அவளுக்கு வேறு வழி சொன்னார்.

"கர்ப்பப்பை வாயில சளி மாதிரி ஒண்ணு இருக்கும்மா. மாசத்துல முக்கால்வாசி நாள் அது கெட்டியா அடைச்சுக்கிட்டு இருக்கும். ஆம்பளையோட உயிரணு அதைத் தாண்டிப் போக முடியாது. நடுவுல சில நாள்தான் அது இளகி, பச்சை முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் விடும். அப்பதான் அதுக்குள்ள நீந்தி மேல போக முடியும். அந்த நாள் பார்த்து ரெண்டு பேரும் சேர்ந்து இருந்துட்டு, மறுநாள் காலையிலயே வந்திருங்க. எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சா, ஓடுதா நிக்குதான்னு நானே பார்த்திருவேன். குளிக்காம, கழுவாம வரணும்."

முத்துமாலை நேரே என் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் சைவம். முப்பது வயதுவரை முட்டையை உடைத்துப் பார்த்ததில்லை.

"சாலோமியக்கா, ஒரு முட்டைய ஒடைச்சுக் காட்டுங்களேன்."

தட்டில் உடைத்து ஊற்றினேன். சேலை முந்தியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, விரலால் வெள்ளைக்கருவைத் தொட்டுத் தூக்கினாள். நூலாக வந்தது.

"எனக்கு இப்படித்தான்க்கா வரும், சில நாள்ல. ஏதோ சீக்குன்னு நெனச்சு வெளிய சொல்லாம கெடந்தேன்."

சொல்லிவிட்டு வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் அன்று அவள் சந்தோஷமாகத்தான் போனாள்.

அந்த நாளும் வந்தது. புருஷனோடு இருந்த மறுநாள் தலைக்குக் குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்கக்கூடாது என்பது வடிவம்மாளின் சட்டம். கிறிஸ்தவர்களான எங்களுக்கு அந்த வழக்கமெல்லாம் இல்லை, ஆனால் யார் வீட்டுக் கொல்லையில் எந்தக் காலையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று லைன் முழுக்கத் தெரியும். அப்படிப்பட்ட மாமியாரிடம், காலையில் குளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டியதாயிற்று. வடிவம்மாள் எதிர்த்துப் பேசவில்லை. அன்று விளக்கு வைத்த கையோடு சாப்பிட்டு, தடுப்பை இழுத்துச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்.

அதுதான் சிவசைலத்தைக் கொன்றுவிட்டது. அம்மா விழித்திருக்கிறாள் என்பதும், எதற்காக இருமாமல் கிடக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "என்னால முடியல," என்றார். "சரி, தூங்குங்க," என்றாள் முத்துமாலை.

காலையில் அவள் குளிக்காமல், நேற்றுக் கட்டிய சேலையோடு, அடுப்படியை விட்டு விலகி நின்று சொல்லிக்கொண்டாள். வடிவம்மாள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "கோயில் தெரு வழியாப் போவாதளா, சுத்திப் போ," என்று மட்டும் சொன்னார். மருமகள் குளிக்காததே அவருக்குப் போதுமான சாட்சி. டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லி அடுத்த மாதம் வருகிறோம் என்று கேட்டுக்கொள்ளலாம் என்பது முத்துமாலையின் எண்ணம்.

ஆனால் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்து, "ராத்திரி சேர்ந்து இருந்தீங்கள்லா?" என்று கேட்டார். நர்சும் பக்கத்தில் நின்றாள். சிவசைலம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

புருஷன் ஆட்டிய தலையை மறுக்காமல், முத்துமாலை எழுந்து போய்ச் சோதிக்கும் மேசையில் படுத்தாள்.

சோதித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார், "இவங்க சளி நல்லா இளகி இருக்கு, எந்தத் தடையும் இல்ல. ஆனா உயிரணு ஒண்ணுகூட இல்லியே. இனி உங்களச் சோதிச்சாத்தான் எதையும் சொல்ல முடியும்."

வீட்டு வாசலிலேயே வடிவம்மாள் மகனை மறித்தார். "என்னலே சொன்னாவ?"

சிவசைலம் குனிந்து செருப்பைக் கழற்றினார். "அவ உள்ள ஒண்ணும் தங்கலியாம்."

கொல்லையில் அப்போதுதான் குளிக்க உட்கார்ந்திருந்த முத்துமாலைக்கு அது கேட்டது.

அந்த ஒரு பேச்சில் இரண்டு வருஷம் ஓடியது. லைனில் வளைகாப்புக்கு அழைக்க வருகிறவர்கள் அவள் வாசலைத் தாண்டி என் வாசலுக்கு வந்தார்கள். நான் சண்டைக்குப் போனால் முத்துமாலைதான் என் கையைப் பிடித்து இழுப்பாள். உண்மையை அப்போது என்னிடம்கூட அவள் சொல்லவில்லை. சிவசைலமோ இன்னும் நல்ல மனுஷனாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வந்தார்.

பிறகு ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒருவர், தன் மகளை இரண்டாம் தாரமாகக் கொடுக்கச் சம்மதித்து வந்தார். அவருக்கும் கூட வந்தவர்களுக்கும் காபி கொடுக்க டம்ளர் போதாது என்று வடிவம்மாள் என்னைக் கூப்பிட்டிருந்தார். அதனால் நானும் அங்கே நின்றேன்.

"மூத்தவளே வாயால சொல்லட்டும்வே. நாளைக்குக் கோர்ட்டு கேசுன்னு எம் மவ அலையக் கூடாது," என்றார் பெண்ணின் அப்பா.

முத்துமாலை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கொறை எங்கிட்டதான். எனக்குச் சம்மதம்," என்றாள்.

சிவசைலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நான் அவளத் தொடல," என்றார்.

"என்னலே சொல்லுத?"

"ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கு மொத நாளு. நீ அங்கன முழிச்சுக் கெடந்த. வெக்கமாப் போச்சு. தொடவே இல்ல. டாக்டரம்மா கேட்டப்ப இருந்தோம்னு தலையாட்டிட்டேன். அவகிட்ட எந்தக் கொறையும் இல்ல."

அத்தனை ஆண்கள் முன்னால் ஓர் ஆண் சொல்லக்கூடிய பேச்சா அது? பெண்ணின் அப்பா காபியைக் குடிக்காமலே எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் போன பிறகும் சிவசைலம் தலையைத் தூக்கவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. இதைச் சொல்ல இரண்டு வருஷமா?

மறுநாள் வடிவம்மாள் பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு, செங்கோட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். யாரும் போகச் சொல்லவில்லை. படியிறங்கும்போது மருமகளின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எந்த நாளுன்னு எனக்குத் தெரியாது. பத்து நாள் கழிச்சு வரட்டா, இல்ல மாசம் முடிஞ்சு வரட்டா?"

"பைய, மாசம் முடிஞ்சே வாங்க அத்தை," என்றாள் முத்துமாலை.

நாள் பார்த்து இருவரும் மறுபடி அம்பாசமுத்திரம் போனார்கள். இந்த முறை டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிவசைலத்தைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார் அவர். அந்தத் தெளிவான சளிக்குள் உயிரணுக்கள் பொடிப்பொடியாக, நிற்காமல், ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன.

"ஓடுதும்மா," என்றார். "முத்து, ஓடுது. இங்கன வந்து பாரேன்."

முத்துமாலை சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இடத்தை விட்டு அசையவில்லை.

"நான் எதுக்குப் பாக்கணும்? நான் நல்லாத்தான் இருக்கேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்."

அவர் மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையை எடுக்கவே இல்லை.