தொட்டிக்குக் கீழே ஒரு செங்கல்

பேய், ஆவின்னு எவனாவது பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிடுற ஆளு நான். ஒரகடத்துல மெஷின் லைன்ல நிக்கிறவன், சென்சார் காட்டாததை எப்படி நம்புறது? இதைச் சொன்னா நைட் ஷிப்ட் முடிச்சு தூங்காம போயிருப்பேன்னுதான் நீங்களும் சொல்லுவீங்க, ரூம்ல எல்லாரும் அதைத்தான் சொன்னானுங்க. அன்னிக்கு எனக்கு வீக் ஆஃப். நல்லா தூங்கி எந்திரிச்சு, பரோட்டா சாப்பிட்டுட்டு, பட்டப்பகல்லதான் போனேன்.

விஷயம் என் கல்யாணம். பொண்ணு சிவகங்கைப் பக்கம். எங்க வழக்கத்துல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு பூசையில ஓலை வாசிக்கணும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு. ஞானஸ்நான சர்டிபிகேட் இல்லாம வாசிக்க முடியாதுன்னு அந்த ஊர் பங்குச் சாமியார் கறாரா சொல்லிட்டாரு. அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு, யாரைக் கேட்க? பொண்ணு வீட்டுல வேற, மாப்பிள்ளை பக்கம் நிக்க ஒரு ஆளுகூட இல்லையான்னு இழுக்க ஆரம்பிச்சுட்டாங்க. மண்ணூர் தாண்டி ஒரு சூளையில அவங்க செங்கல் அறுத்தப்ப நான் பிறந்தேன், பக்கத்துல பழைய மாதா கோயில் ஒண்ணு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கோயில் கம்பெனி காம்பவுண்டுகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. சுவர் அவ்வளவு தடிமன், உள்ள போனா ஏசி போட்ட மாதிரி இருக்கு. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துட்டுப் புதுசா பூசிக்கிட்டிருந்தாங்க, தரையெல்லாம் வெள்ளைப் பொடி. கோயில் காரியமெல்லாம் பார்க்கிற உபதேசியார் நான் பிறந்த வருஷத்துப் பதிவேட்டை எடுத்து விரல் ஓட்டித் தேடுறாரு, என் பேரு இல்லவே இல்லை. "வேற கோயிலா இருக்கும் தம்பி"ன்னுட்டாரு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அழுகையே வந்துடுச்சு. மூஞ்சியைக் காட்டாம உள்ள போய், வளைவையும் மர உத்தரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நின்னேன்.

வாசல் பக்கம் கருங்கல்லுல ஞானஸ்நானத் தொட்டி. அதுக்கு அடியில சம்பந்தமே இல்லாம ஒத்தைச் செங்கல். கொத்தனார் சொதப்பிட்டாருன்னு நினைச்சேன். அப்பதான் தூணோரம் ஒரு அம்மா நின்னாங்க. வயசானவங்க, பச்சைப் புடவை, வெறுங்கால்.

"இன்னாத்துக்குப்பா பொறந்த வருசத்துல தேடுற? சூளை வேலையில உனுக்கு நாலு வயசு வரைக்கும் தள்ளிக்கினே போனாங்க. நடந்து வந்த புள்ள நீ. தொட்டி எட்டலன்னு உங்கப்பன் சூளையிலருந்து ஒரு கல்லு எடுத்தாந்து போட்டான், அதும்மேல உன்னை ஏத்திப் புடிச்சிக்கினு நின்னது நான்தான். தோ கீது பாரு."

குனிஞ்சு பார்த்தேன். நிமிர்ந்தா ஆளைக் காணோம். வெளிய போயிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டு, ஓடிப்போய் நாலு வருஷம் தள்ளிப் பாருங்கன்னேன். இருந்துச்சு! என் பேரு, அப்பா அம்மா பேரு, பிள்ளையைப் புடிச்சு நின்ன ஞானத்தாய் ஆரோக்கியமேரி. பச்சைப் புடவை கட்டிக்கிட்டு இப்ப உள்ள நின்னாங்களே, அவங்கதானேன்னு கேட்டேன். உபதேசியார் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு.

"அந்தம்மா குன்றத்தூர்ல பொண்ணு வூட்ல கீறாங்கப்பா. பக்கவாதம் வந்து, எழுந்து நடந்தே ரொம்ப வருசமாச்சு."

செத்துப் போயிருந்தாங்கன்னா பயந்து ரூமுக்கு ஓடியிருப்பேன். உயிரோட இருக்காங்களே! விலாசம் வாங்கிக்கிட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன். கதவு திறந்தே கிடந்துச்சு, உள்ள அவங்க மக, அந்த அக்கா இருந்தாங்க. கட்டில்ல அதே முகம். நான் யாருன்னு இன்னும் வாயே திறக்கலை, நம்பினா நம்புங்க, கோணின வாயால "ஓலை எப்போ வாசிக்கிறாங்க?"ன்னு கேட்டாங்க. அம்மா பேசியே மாசக்கணக்காச்சுன்னு அக்கா அழுதுட்டாங்க, நானும்தான்.

ஓலை வாசிச்சாச்சு, கல்யாணமும் ஆயிடுச்சு. என் பக்கம் முதல் வரிசையில ஞானத்தாய் வீல்சேர்ல உட்கார்ந்திருந்தாங்க, பொண்ணு வீட்டுக்காரங்க அப்புறம் வாயைத் திறக்கலை. இப்பவும் லீவு கிடைச்சா நானும் என் வீட்டுக்காரியும் போய்ப் பார்த்துட்டு வர்றோம். எனக்கும் ஒரு அம்மா இருக்காங்க.

ஒண்ணே ஒண்ணுதான் இன்னிக்கும் மனசுக்குள்ள கிடந்து உறுத்துது. அன்னிக்கு நான் உள்ள நுழைஞ்சப்ப அக்கா ஈரத்துணியால அவங்க உள்ளங்காலைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க, காலையிலதானே குளிப்பாட்டினேன், இது எங்கிருந்து வந்துச்சுன்னு முணுமுணுத்துக்கிட்டே. துணி முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு.