ஓடினதால் அடிக்கிற நெஞ்சு

ஒன்பது வயதில் எனக்குப் பாடசாலையில் 'மதிப்புக்குரிய' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. கேட்பதற்கு மரியாதையான பெயர்தான். அது வந்த வழிதான் அவ்வளவு மரியாதையானதல்ல.

முந்திய வருடம் பேச்சுப் போட்டிக்கு என்னை மேடையேற்றியிருந்தார்கள். 'மதிப்புக்குரிய' என்று தொடங்கினேன். யார் மதிப்புக்குரியவர்கள் என்று சொல்வதற்குள் நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது. கை குளிர்ந்தது. முழங்கால்கள் என்னைக் கேட்காமல் தம்பாட்டில் ஆடின. நெஞ்சு இப்படி அடித்தால் ஆள் செத்துப்போவது நிச்சயம் என்று எனக்குத் தோன்றியது. செத்தாலும் அம்மாவிடம் போய்ச் சாகலாம் என்று மேடையிலிருந்து குதித்து வெளி வாசல் வரைக்கும் ஓடினேன். அடுத்த நாளிலிருந்து என்னைவிடச் சின்ன வகுப்புப் பிள்ளைகள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் நான் வாய் திறப்பதில்லை. இடாப்புக் கூப்பிடும்போதும் 'வந்தேன்' என்று சொல்லாமல் கையை மட்டும் உயர்த்துவேன்.

அந்த வருடப் போட்டிக்கு வேறொரு பிள்ளையைத் தெரிவு செய்திருந்தார்கள். 'எங்கள் துறைமுகம்' என்பது தலைப்பு. என் அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர் என்பதால், அவள் பாடமாக்கும்போது பக்கத்தில் இருந்து திருத்துகிற வேலையை ரீச்சர் எனக்குக் கொடுத்திருந்தா. திருத்தித் திருத்தி முழுப் பேச்சும் அவளைவிட எனக்கு நன்றாகப் பாடமாகிவிட்டது. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவளுக்குக் கூகைக்கட்டு வந்து கன்னம் வீங்கிவிட்டது. ரீச்சர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டா.

அம்மா கைக்குழந்தையோடு நின்றா. "வேண்டாம் ரீச்சர். இன்னொருக்கா இவளாலை தாங்க ஏலாது," என்றா.

உள்ளேயிருந்து சின்னம்மா வந்தா. "அனுப்புங்கோ அக்கா. கடையிலை லீவு கேட்டிட்டு நான் கூட்டிக்கொண்டு போறன்."

சின்னம்மா அம்மாவின் தங்கச்சி. திரியாயில் பிறந்தவ. சண்டைக் காலத்தில் அங்கே இருக்க முடியாமல் அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, சண்டை முடிந்த பிறகும் எங்களோடேயே இருந்துவிட்டா. ரவுணில் ஒரு புடைவைக் கடையில் வேலை. தினமும் சைக்கிளில் போய் வருவா. வீட்டில் அதிகம் கதைக்காத ஆள். அவ முன்வந்து ஒன்றைச் சொன்னால் அம்மா மறுப்பது குறைவு.

போட்டியன்று காலையில் சைக்கிளின் பின்கரியரில் ஏறி, சின்னம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கண்டி வீதியில் ஏறியதுமே என் கைகள் குளிரத் தொடங்கிவிட்டன. சட்டைக்கு மேலாலேயே அந்தக் குளிர் அவவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன பிள்ளை, நெஞ்சு அடிக்குதோ?"

"ஓம் சின்னம்மா. திரும்பிப் போவம்."

சின்னம்மா பெடலை உழக்கிக்கொண்டே இருந்தா. துறைமுகத்தின் ஓரமாகக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினா. கைக்கடிகாரத்தைப் பார்த்தா. முகம் மாறிவிட்டது.

"ஐயோ, நேரம் போட்டுது! சில்லும் காத்துப் போட்டுது. இறங்கு பிள்ளை, ஓடு!"

சைக்கிளைக் கடைச் சுவரில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றி ஒரு கையில் எடுத்து, மறுகையால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினா. நான் இழுபட்டு ஓடினேன். முப்பது வயதை நெருங்கிய ஒரு பெண் காலை வேளையில் செருப்புப் பிடித்த கையாலேயே பாவாடையையும் தூக்கிக்கொண்டு வீதியில் ஓடுவதை எங்கள் ஊர் அதிகம் கண்டதில்லை. ரவுணுக்குள் ஆடுமாடுபோலத் திரிகிற மான்கள் மைதானத்து ஓரத்திலிருந்து எழும்பி எங்களுக்கு முன்னால் ஓடின. தள்ளுவண்டியில் பழம் விற்றுக்கொண்டு நின்ற கிண்ணியாக்காரர் ஒருவர், "என்ன தங்கச்சி, கப்பல் வெளிக்கிட்டுதோ?" என்று கத்தினார்.

"ஓம் நானா, நாங்கள் இல்லாமல் போகப் பாக்குது!" என்று சின்னம்மா ஓடிக்கொண்டே பதில் சொன்னா.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததால் இன்னும் மூச்சு வாங்கியது. போட்டி நடக்கிற பாடசாலைக்குள் நாங்கள் நுழைந்தபோது என் பின்னல் ஒன்று அவிழ்ந்து கிடந்தது. முதுகெல்லாம் வேர்வை. வாசலில் காத்து நின்ற ரீச்சர், "அடுத்தது நீதான்," என்றா. சின்னம்மா குனிந்து முந்தானை இல்லாத குறைக்குத் தன் கையாலேயே என் முகத்தைத் துடைத்தா. பிறகு அந்தக் கையை என் நெஞ்சில் வைத்தா.

"இது ஓடினதால அடிக்கிறது. கொஞ்சத்தால தன்பாட்டில நிண்டிடும். நீ அதைப் பாக்காத. உன்ர பாட்டுக்குப் பேசு, என்ன?"

மேடையில் ஏறினேன். போன வருடம் அடித்த அதே நெஞ்சுதான் அடித்தது. முழங்கால் அதே மாதிரி ஆடியது. ஆனால் நான் இப்போது ஓடி வந்தவள் அல்லவா? ஓடி வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். 'மதிப்புக்குரிய' என்றேன். மூச்சு வாங்கியது. சபையில் யாரோ சிரித்தார்கள். ஓடி வந்ததால் வாங்குகிற மூச்சு என்பதால் நான் அதை வாங்க விட்டுவிட்டு, 'நடுவர்களே' என்று தொடர்ந்தேன். அப்பாவின் இழுவைப் படகு பெரிய கப்பலைத் துறைக்குக் கூட்டி வருகிற இடத்துக்கு வந்தபோது நெஞ்சு அடங்கிவிட்டிருந்தது. எப்போது அடங்கியது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் அவசரப்பட்டுவிட்டேன் என்று நடுவர் ஒருவர் சொன்னார். எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. முழுப் பேச்சையும் பேசி, 'நன்றி, வணக்கம்' என்று கும்பிட்டு, படியால் இறங்கி வந்தேனே. சின்னம்மா ஐஸ்கிறீம் வாங்கித் தந்தா. தேத்தண்ணிக் கடைக்கு நடந்து வந்து, அதே சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்தோம். சில்லுக்கு யார் காற்று அடித்தது என்று நான் கேட்கவில்லை. கடைக்காரர் நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ மேடைகளில் ஏறிவிட்டேன். ஏறுவதற்கு முன் மண்டபத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடுவது கொஞ்சக் காலம் வழக்கமாகவே இருந்தது.

பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கப் போனபோது, உணர்ச்சி பற்றிய பாடத்தில் ஒரு கரடி வந்தது. கரடியைக் கண்டால் பயந்து ஓடுகிறோமா, ஓடுவதால் பயப்படுகிறோமா என்று விரிவுரையாளர் கேட்டார். உடம்பு நடுங்குவதை உணர்வதுதான் பயம் என்று ஒரு கட்சி. இல்லை, நடுக்கமும் பயமும் ஒரே நேரத்தில் வருகின்றன என்று இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சி சொன்னதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடம்பு படபடக்கிறது; என்ன காரணம் என்று மனம் சுற்றுமுற்றும் பார்க்கிறது; கண்ணில் படுகிற காரணத்தை வைத்து அந்தப் படபடப்புக்குப் பெயர் வைத்துவிடுகிறது. மண்டபம் முழுவதும் கரடியை நினைத்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் மான்கள் ஓடின. காற்றுப் போகாத சில்லு அப்போதுதான் விளங்கியது.

விடுமுறைக்கு வந்ததும் நிலாவெளிக்கு ஓடினேன். சின்னம்மா கலியாணம் முடித்து அங்கேதான் இருக்கிறா. குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவவிடம் மூன்று கட்சிகளையும் விளங்கப்படுத்தி, "இதை நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

சின்னம்மா சிரித்தா. "அது உனக்கெண்டு கண்டுபிடிச்சதில்லையடி."

பிறகு மீனைப் பார்த்தபடியே சொன்னா. "சண்டை நேரம் கடைக்குப் போற வழியிலை ஆமிக்காரர் மறிச்சுப் பாக்கிற சென்றி இருந்தது. என்ர அடையாள அட்டையிலை திரியாய் எண்டு இருக்கும். அதைப் பாத்திட்டு, சண்டை நடக்கிற பக்கத்து ஆள் எண்டு முகத்தை ரெண்டாந்தரம் பாப்பாங்கள். எனக்குக் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். ஒருநாள் எனக்கு முன்னால நிண்ட பிள்ளையை, ஏன் நடுங்கிறாய் எண்டு கேட்டு ஒதுக்கி இருத்தினவங்கள். அவள் ஒண்டும் செய்யேல்லை, நடுங்கினவள், அவ்வளவுதான். அடுத்த நாளிலயிருந்து நான் சந்தியில துவங்கி மூச்சுப் பிடிச்சு உழக்குவன். போய் நிக்கேக்கை வேர்வையும் நடுக்கமும் சைக்கிள் ஓடினதால எண்டு இருக்கும். கேட்டால், வேலைக்குப் பிந்திப் போட்டுது எண்டு சொல்லுவன்."

"தினமுமோ?"

"தினமுந்தான்."

படித்த புத்தியோடு ஒரு கேள்விதான் வந்தது. "அப்ப உங்களுக்கும் பயம் போனதோ, சின்னம்மா?"

"எனக்கு எப்பிடிப் போகும்? என்னத்துக்கு உழக்கிறன் எண்டு எனக்குத் தெரியுந்தானே," என்றா. "உனக்குத் தெரியாது பிள்ளை. அதாலதான் உனக்குப் பலிச்சது."