நேரமின்மை காரணமாக

பிள்ளைகளே, சனிக்கிழமை நீங்கள் போட்ட அந்த இங்கிலாந்து நகைச்சுவைத் தொடரின் நடுவில் நான் எழுந்து போய்விட்டேன். "அப்பாவுக்கு அவங்கட இங்கிலிஷ் விளங்கேல்லை" என்றான் மகன். "சப்டைட்டில் போடவா அப்பா?" என்று மகள் சிரித்தாள். எனக்கு எல்லாம் விளங்கியது. தொலைக்காட்சி கைவிட்ட ஒரு அறிவிப்பாளர், யாரோ ஒருவருடைய பிரியாவிடை விருந்தில் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு தன் பழைய புகழையே பேசுகிறார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அப்படி ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மில்லிக்கனில் இருந்த மாமாவின் செத்தவீட்டில்தான். உங்களுக்குப் பரீட்சை, நீங்கள் வரவில்லை. மாமி ஒரு பழைய வானொலி அறிவிப்பாளரைக் கூப்பிட்டிருந்தார். ஒருகாலத்தில் இங்கே ஸ்காபரோவில் காலையில் வேலைக்குப் போகிற தமிழரின் கார்களில் எல்லாம் கேட்ட குரல் அது. வானொலி அவரை நிற்பாட்டிக் கனகாலம். இப்போது பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவர்தான். மாமாவுக்கு அந்தக் குரல் பிடிக்கும் என்பதால் மாமி கேட்டிருந்தார்.

தொடங்குவதற்கு முன் மாமி அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "அண்ணை, பெட்டி மூடமுன்னம் நான் ரெண்டு வசனம் கதைக்கோணும். கடைசியா என்னைக் கூப்பிடுங்கோ."

"என்ன தங்கச்சி, உங்களுக்கில்லாத மைக்கோ!"

"அமரர் என்னுடைய நீண்டகால நேயர்" என்று ஆரம்பித்தார். அதோடு மாமாவின் கதை முடிந்தது. எந்தப் பாடகர் தன்னைத் தேடி வந்தார், எந்த மேடையில் தனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், தன்னை நிற்பாட்டியவர்கள் இன்று என்ன கதியில் இருக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். நடுவில் ஒரு கவிதை வேறு. அதுவும் தன்னுடையது.

மண்டபம் எங்களுக்குக் குறித்த நேரத்துக்குத்தான். அடுத்த குடும்பம் வெளியே வந்து நின்றது. மாமி முன்வரிசையில் கைகளைப் பிசைந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய், "அண்ணை, அவா காத்துக்கொண்டிருக்கிறா" என்று காதுக்குள் சொன்னேன்.

அவர் மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். "பொறுங்கோ தம்பி, இப்பதான் சனம் அழத் தொடங்குது."

எத்தனையோ அசிங்கமான கதை கேட்டிருக்கிறேன். இதுபோல ஒன்று கேட்டதில்லை.

மண்டபத்து ஊழியர்கள் பெட்டியருகே வந்துவிட்டார்கள். உடனே அவருக்கு அந்தப் பழைய வானொலிக் குரல் வந்தது. "நேரமின்மை காரணமாக அமரரின் துணைவியாருடைய உரை இடம்பெறமாட்டாது என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன்."

மாமி அரைவாசி எழுந்து நின்றார். "முடிஞ்சுதோ?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பெட்டியின் மூடி இறங்கிவிட்டது. மாமாவோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த மனுஷி. என்ன சொல்ல நினைத்தார் என்று நான் பிறகும் கேட்கவில்லை. அது எங்களுக்குச் சொல்ல வந்ததல்ல, மாமாவுக்குச் சொல்ல வந்தது.

எல்லாரும் காருக்குப் போகும்போது அந்த அறிவிப்பாளர் வாசலில் நின்று ஆட்களுக்குத் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் கையையும் எட்டிப் பிடித்தார். "எப்பிடித் தம்பி? குரல் இன்னும் விழேல்லை, என்ன?"

அந்தக் கை சூடாக, ஈரமாக இருந்தது. நான் என் கையை இழுத்துக்கொண்டேன்.

செத்தவீட்டால் வந்து முழுகத்தானே போகிறோம். ஆனால் வீடு வரும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. திரும்பி உள்ளே போய், ஆளில்லாத கழிவறையில், சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவினேன். துடைத்தபிறகு இன்னொரு தரமும் கழுவினேன்.