பளபளத்த சொம்பு

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் சந்திரமதியிடம் ஒருமுறை புருவம் திருத்திக்கொண்டவர்கள் வேறு கடைக்குப் போக மாட்டார்கள். இதைச் சொல்வது வேறு யாருமில்லை, சந்திரமதியேதான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு பக்கத்தை விரல்களில் முறுக்கி அவள் இழுத்தால் ஒரு முடி தப்பாது. அந்த விரல்களில்தான் முடக்குவாதம் வந்து உட்கார்ந்தது.

மருத்துவமனையில் டாக்டர் மதுரா வாரம் ஒருமுறை போடும் மாத்திரை கொடுத்தார். வீக்கம் மெல்ல வடிந்தது. மெல்ல வடிந்தால் சந்திரமதிக்குப் போதுமா? தாமிரச் சத்து குறைந்தால்தான் மூட்டு வீங்கும் என்று கைபேசியில் யாரோ அனுப்பியிருந்தார்கள். தேக்காச் சந்தையில் ஒரு செப்புச் சொம்பு வாங்கினாள். வெறும் தண்ணீர் சப்பென்றிருந்ததால் எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, இரவே அதில் ஊறவைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தாள்.

கொஞ்ச நாளில் தினமும் காலையில் குமட்டியது. பழி மாத்திரைமேல் விழுந்தது.

"வாரத்துக்கு ஒரு நாள் போடுற மாத்திரைக்கு டெய்லி குமட்டுமா?" என்று கணவர் மருதப்பன் கேட்டார். பஸ் ஓட்டுகிறவருக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் வாயை அடைத்துவிட்டு, டாக்டரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். குமட்டல் நிற்கவில்லை. மருந்து ரத்தத்தில் ஊறியிருக்கிறது, போகப் போகச் சரியாகும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். விளக்கத்துக்கு அவளிடம் என்றைக்குமே பஞ்சமில்லை.

விரல்கள் மறுபடி வீங்கின. கல்யாணம் நிச்சயமாகியிருந்த ரக்ஷனாவுக்குப் புருவம் எடுக்கும்போது நூல் நழுவி இமையோரம் கீறிவிட்டது. அந்தப் பெண் கோபப்படவில்லை. "கை சரியானதும் சொல்லுங்கக்கா, வரேன்" என்று எழுந்து போனாள். திட்டியிருந்தால்கூடச் சந்திரமதி தாங்கியிருப்பாள். கடையைப் பூட்டிவிட்டுச் சுவா சூ காங்கில் இருந்த வீடு வரை ரயிலில் அழுதுகொண்டே போனாள். இந்தக் கை போனால் தான் யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கப் புளி கரைத்தாள். வலிக்கிற கையோடு சொம்பையும் எடுத்தாள். வெளிப்பக்கம் கறுத்துக் கிடந்தது. உள்ளே புதுச் சொம்பு மாதிரிப் பளபளத்தது. உட்பக்கத்தை அவள் ஒருநாளும் தேய்த்ததில்லை. கையிலிருந்த புளியையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். தினமும் தேய்த்தது எலுமிச்சை; தேய்த்த செம்பைக் குடித்தது அவள்.

மறுவாரம் சொம்போடு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். மதுரா சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். தாமிரம், துத்தநாகம், செலீனியம் எல்லாம் உடம்புக்கு வேண்டியதுதான், ஆனால் துளியூண்டு போதும், அது பருப்பிலும் மீனிலும் கொட்டைகளிலுமே கிடைத்துவிடும் என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னார்.

"மூட்டு வீங்குறப்போ ரத்தத்துல தாமிரம் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். குறைஞ்சிருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

சந்திரமதி கைபேசியைக் கைப்பைக்குள் தள்ளினாள். அன்று மாலை மருதப்பனிடம், நீங்கள் கேட்டது சரிதான் என்றாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

சொம்புத் தண்ணீரை விட்டதும் குமட்டல் நின்றது; மாத்திரை மறுபடி வேலை செய்யச் சில மாதங்கள் ஆயின. கல்யாணத்துக்கு முந்தின நாள் ரக்ஷனா வந்தாள். நாற்காலியில் சாய்ந்தவள், கண்ணை மூடுமுன் கொஞ்சம் தயங்கினாள்.

"கை சரியாயிடுச்சாக்கா?"

நூல் பல்லில் இருந்தது. சந்திரமதியால் விளக்கம் எதுவும் சொல்ல முடியவில்லை. இழுத்தாள். ஒரு முடி தப்பவில்லை.