ஒலி எழுப்பவும்: மல்லசமுத்திரத்திலிருந்து நாற்பது தகடுகள்

ஞாயிறு, காலை 6.40. மல்லசமுத்திரத்தில், சென்னையிலிருந்து வந்திருந்த நானும் சேர்ந்து, குட்டியானை வண்டியில் நாற்பது தகரத் தகடுகளை ஏற்றினோம். தாமரை, மயில், புலி. லாரிகளுக்குப் படமெழுதும் பெயின்டர் துரைசாமி கூலி வாங்காமல் வரைந்தவை. விசைத்தறி வேலைக்குப் போகும் கோமதி, எட்டுப் பிள்ளைகளுக்குப் பறை வகுப்பு நடத்துகிறார். இருப்பவை மூன்றே பறைகள். தகடு 500 ரூபாய். நாற்பதும் விற்றால் மீதி ஐந்து பறைகளையும் வாங்கிவிடலாம்.

7.20. ஆட்டையாம்பட்டியில் முறுக்குக்காக நிறுத்தினோம். துரைசாமி என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னத்தைங்க எழுதறீங்க?"

"நேரத்தைங்க."

"எழுதிக்குங்க. சேலத்துல எவனாச்சும் திட்டுவான், அந்த நேரத்தையும் எழுதிக்குங்க."

10.15. எழுதிக்கொண்டேன். முப்பது கிலோமீட்டர் வந்து சேலம் கண்காட்சியில் கடை விரித்த எங்களிடம், அதன் பொறுப்பாளர் 'பிள்ளைகளின் பறை வகுப்புக்காக' என்ற பலகையைக் காட்டினார்.

"படமெல்லாம் பிரமாதம். பலகையில அந்த வார்த்தை மட்டும் வேணாம். சாவு வீட்டு ஞாபகம் வரும். 'தோல் கருவி'ன்னு போடுங்க. இல்லன்னா கடையை எடுத்துடுங்க."

"ஏனுங்க, உங்களைப் பேர் சொல்லாம 'மனுசன்'னு கூப்பிட்டா திரும்புவீங்களா?" என்றார் கோமதி. பொறுப்பாளர் திரும்பாமல் நடந்தார்.

துரைசாமி பலகையை மண்ணெண்ணெயில் துடைத்தார். "அம்மிணி, மஞ்சள் டப்பாவை எடு. லாரிக்குப் பொறத்தால எழுதறதையே எழுதிப்போடறேன்."

எழுதினார்: ஒலி எழுப்பவும்.

பேருந்தில் பறைகளோடு வந்திறங்கிய வகுப்புப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். மூன்று பறைகளும் அதிர்ந்தன; பறை கிடைக்காத ஐவர் கைதட்டினார்கள். பொறுப்பாளர் ஓடிவந்தார்.

"யார் அடிக்கச் சொன்னது?"

ஒன்பது வயது தர்ஷினி பலகையைக் காட்டினாள். "அதுல எழுதியிருக்குதுங்க."

கூட்டம் சிரித்தது, கலையவில்லை. ஒரு பெண் மயிலை எடுத்துக்கொண்டு, "இது என்ன வாத்தியம்?" என்று கேட்டார். துரைசாமி தூரிகையை எடுத்தார். மயிலின் காலடியில் சிவப்பில் 'பறை' என்று எழுதிக் கொடுத்தார்.

"பலகையிலதான வேண்டாம்னாருங்க? தகட்டுல வேண்டாம்னு சொல்லலையே" என்றார்.

அதன்பின் விற்ற ஒவ்வொரு தகட்டிலும் அதே சொல். மாலை 4.05க்கு நாற்பதாவது தகடு, ஈரம் காயாமலே போயிற்று. பலகை மட்டும் மிஞ்சியது. 500 கொடுத்து அதை நான் வாங்கிக்கொண்டேன்.

சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படியில் 'அமைதி காக்கவும்' என்று ஓர் அறிவிப்பு உண்டு. பதினோரு ஆண்டுகளாக அதற்குக் கீழ்ப்படிந்தவன் நான். அதற்கு நேர் எதிரே, என் கதவில், அந்தப் பலகைக்கு ஆணி அடித்தேன். சத்தமாகவே அடித்தேன்.